பேரரசர் முன் வாசிக்கப்பட்ட விசுவாச அறிக்கை: ஆக்ஸ்பர்க், 1530

அக்டோபர் 31 வந்தால், திருச்சபைச் சீர்திருத்தத்தைத் தொடங்கிய மார்ட்டின் லூத்தரும், அவர் தன் கூற்றுகளை ஒட்டியதாகச் சொல்லப்படும் விட்டன்பர்க் கோயில் கதவும் பேச்சில் வந்துவிடும். கொஞ்சம் விவரம் தெரிந்தவர்கள், 1521இல் வோர்ம்ஸ் நகரில் அவர் பேரரசர் ஐந்தாம் சார்லஸ் முன் நின்றதையும் சொல்வார்கள். ஆனால் லுத்தரன் சபைகள் இன்றுவரை தங்கள் அடையாளமாகக் காட்டும் பத்திரம் இந்த இரண்டு சம்பவங்களிலும் பிறந்ததல்ல. ஆக்ஸ்பர்க் விசுவாச அறிக்கை எனப்படும் அது, 1530 ஜூன் 25, சனிக்கிழமை, பிற்பகல் சுமார் 3 மணிக்கு, ஆக்ஸ்பர்க் ஆயரின் அரண்மனையில் வாசிக்கப்பட்டது. வாசித்தவர் ஒரு சட்ட வல்லுநர். எழுதியவர் குருப்பட்டம் பெறாத ஒரு பேராசிரியர். கையெழுத்துப் போட்டவர்கள் சிற்றரசர்களும் நகர மன்றத்தாரும். லூத்தர் அந்த ஊரிலேயே இல்லை.

ஏன் இல்லை, ஏன் கையெழுத்து அரசர்களுடையது, ஏன் அதைச் சத்தமாக வாசிக்கவேண்டும் என்று அடம்பிடித்தார்கள் என்ற மூன்று கேள்விகளுக்கும் விடை தெரிந்தால் சீர்திருத்த வரலாற்றின் பாதி புரிந்துவிடும். ஒரு மனிதர் ஒரு நாள் காட்டிய துணிச்சல் போதவில்லை. அந்தத் துணிச்சலை ஒன்பது ஆண்டுகளில் ஒரு சட்டப் பத்திரமாக மாற்ற வேண்டியிருந்தது.

முதலில் சில சொற்கள்

தமிழில் 'அறிக்கை' என்றால் பாவ அறிக்கையும் உண்டு, விசுவாச அறிக்கையும் உண்டு. லத்தீனிலும் இரண்டுக்கும் ஒரே சொல்தான். இங்கே நாம் பேசுவது இரண்டாவதைப் பற்றி. ஆராதனையில் எல்லாரும் எழுந்து நின்று சொல்லும் விசுவாசப் பிரமாணத்தோடும் இதைக் குழப்பிக்கொள்ளக் கூடாது. பிரமாணம் சுருக்கமானது, வழிபாட்டில் சொல்வதற்கானது. அறிக்கை என்பது "நீங்கள் எதைப் போதிக்கிறீர்கள், ஏன்?" என்று அதிகாரத்தில் உள்ளவர் கேட்கும்போது கொடுக்கும் விரிவான பதில்.

ஐந்தாம் சார்லஸ் ஆண்ட பேரரசு ஒரே கையில் இருந்த நாடு அல்ல. நூற்றுக்கணக்கான சிற்றரசுகளும் ஆயர்களின் ஆட்சிப் பகுதிகளும் பேரரசருக்கு நேரடியாகக் கட்டுப்பட்ட நகரங்களும் சேர்ந்த கூட்டு. பேரரசரைத் தேர்ந்தெடுக்கும் உரிமை 7 பேருக்கு இருந்தது: மைன்ஸ், டிரியர், கொலோன் பேராயர்கள் மூவர், பொஹீமிய அரசர், ரைன் பாலட்டினேட் பிரபு, சாக்ஸனி இளவரசர், பிராண்டன்பர்க் இளவரசர் என நால்வர். இவர்களைத் தேர்வாளர்கள் என்போம். இவர்களும் மற்ற சிற்றரசர்களும் நகரப் பிரதிநிதிகளும் கூடும் இடம்தான் ஜெர்மானியர் 'ரைக்ஸ்டாக்' என்ற பேரரசு மன்றம். வரி, போர், சட்டம் எல்லாம் அங்கேதான் தீரும்.

அடுத்து இரண்டு வகை விலக்குகள். பாப்பரசர் கொடுப்பது திருச்சபை விலக்கு. பேரரசர் கொடுப்பது பேரரசு விலக்கு. இரண்டாவதை ஊர்விலக்கின் மிகக் கொடிய வடிவமாக எண்ணிப் பாருங்கள்: சோறு போடக் கூடாது, தங்க இடம் தரக் கூடாது, கண்டால் பிடித்துக் கொடுக்க வேண்டும். திருச்சபை விலக்கைத் தொடர்ந்து பேரரசு விலக்கு வருவதுதான் வழக்கம்.

கடைசியாக, அபயக் கடிதம். விசாரணைக்கு வருகிறவர் வந்து திரும்பும்வரை அவர்மேல் கை வைக்கமாட்டோம் என்ற எழுத்து உறுதி அது. அதன் மதிப்பு கொடுப்பவரின் வாக்கைப் பொறுத்தது. செக் சீர்திருத்தவாதி யான் ஹுஸ், மன்னர் சிகிஸ்மண்டின் அபய உறுதியோடு கான்ஸ்டன்ஸ் நகரில் கூடிய திருச்சபைப் பொதுச் சங்கத்துக்குப் போனார். 1415 ஜூலை 6இல் அங்கேயே எரிக்கப்பட்டார்.

வோர்ம்ஸ், 1521

1520 ஜூன் 15 தேதியிட்ட பாப்பரசரின் ஆணை லூத்தரின் 41 கூற்றுகளைக் கண்டித்து, திரும்பப் பெற 60 நாள் கெடு வைத்தது. டிசம்பர் 10இல் லூத்தர் அந்த ஆணையையே தீயில் போட்டார். 1521 ஜனவரி 3இல் திருச்சபை விலக்கு வந்தது. அடுத்தது பேரரசு விலக்கு, அவ்வளவுதான் என்று ரோமின் தூதர் எதிர்பார்த்தார்.

அது நடக்காததற்குக் காரணம் ஒரு பழைய வாக்குறுதி. 1519இல் தேர்ந்தெடுக்கப்படுவதற்காகச் சார்லஸ் தேர்வாளர்களுக்கு எழுதிக் கொடுத்த உடன்படிக்கையில், பேரரசின் குடிமகன் எவரையும் விசாரிக்காமல் விலக்குக்கு உட்படுத்தமாட்டேன் என்ற வாசகம் இருந்தது. லூத்தரின் ஆட்சியாளர், சாக்ஸனித் தேர்வாளர் ஞானி பிரெடரிக், அந்த வாசகத்தைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார். லூத்தருக்கு அழைப்பும் 21 நாள் அபயக் கடிதமும் கிடைத்தன. வீரக் கதையாகச் சொல்லும்போது இந்தக் காகித வேலை விடுபட்டுப்போகிறது. அது இல்லாவிட்டால் வோர்ம்ஸ் மண்டபத்தில் லூத்தருக்கு நிற்க இடமே இருந்திருக்காது.

ஏப்ரல் 17 மாலை அவரை உள்ளே அழைத்தபோது புத்தகங்கள் குவித்து வைக்கப்பட்டிருந்தன. டிரியர் பேராயரின் அதிகாரி யோஹான் ஃபொன் டெர் எக்கென் இரண்டே கேள்விகள் கேட்டார்: இவை உன்னுடையவையா? இவற்றைத் திரும்பப் பெறுகிறாயா? (இவரையும் லூத்தரோடு வாதிட்ட இங்கோல்ஸ்டாட் பேராசிரியர் யோஹான் எக்கையும் ஒருவராக்கி எழுதுவது அடிக்கடி நடக்கும் தவறு. இருவரும் வேறு வேறு ஆட்கள்.)

கேள்வியின் வலை எங்கே இருந்தது என்று கவனியுங்கள். எல்லாப் புத்தகங்களையும் ஒரே மூட்டையாகக் கட்டி, ஆம் அல்லது இல்லை என்று ஒரே பதில் கேட்டார்கள். ஆம் என்றால் ஜெபத்தைப் பற்றி எழுதியதும் போய்விடும், இல்லை என்றால் கோபத்தில் எழுதிய கடுஞ்சொல்லுக்கும் பிடிவாதம் பிடித்ததாகிவிடும். லூத்தரின் தரப்பில் இருந்த சட்டப் பேராசிரியர் ஹிரோனிமுஸ் ஷூர்ஃப், "தலைப்புகளை வாசியுங்கள்" என்று குரல் கொடுத்தார். லூத்தர் அவகாசம் கேட்டார். ஒரு நாள் கிடைத்தது.

மறுநாள் மூட்டையை அவிழ்த்தார். பக்தி நூல்கள், பாப்பரசர் ஆட்சியின் தவறுகளை எதிர்த்தவை, தனி ஆட்களை எதிர்த்தவை என்று மூன்றாகப் பிரித்தார். மூன்றாம் வகையில் தேவைக்கு மேல் கடுமையாக எழுதியதை ஒப்புக்கொண்டார். நேரான பதில் வேண்டும் என்று நெருக்கியபோது, வேதத்தின் சாட்சியாலோ தெளிவான நியாயத்தாலோ தவறு என்று காட்டப்படாவிட்டால் எதையும் திரும்பப் பெற முடியாது, என் மனச்சாட்சி தேவனுடைய வார்த்தைக்குக் கட்டுப்பட்டிருக்கிறது என்றார். "இங்கே நிற்கிறேன், வேறு செய்ய இயலாது" என்ற புகழ்பெற்ற வாக்கியம் பின்னர் விட்டன்பர்க்கில் அச்சான பதிப்பில்தான் வருகிறது. அந்த இடத்திலேயே எழுதப்பட்ட குறிப்புகளில் இல்லை. "தேவன் எனக்கு உதவி செய்வாராக, ஆமென்" என்று முடித்தது உறுதி. சபைகளில் மேற்கோள் காட்டும்போது இந்த வேறுபாட்டைச் சொல்லிவிடுவது நல்லது.

சார்லஸ் இந்த முறை தன் வாக்கைக் காப்பாற்றினார், லூத்தர் உயிரோடு கிளம்பினார். பின்பு மே 26இல் கையெழுத்தான வோர்ம்ஸ் ஆணை அவரைச் சட்டத்துக்குப் புறம்பானவர் ஆக்கியது. அதற்கு மூன்று வாரம் முன்பே பிரெடரிக்கின் ஆட்கள் கடத்துவதுபோல் அவரைக் கொண்டுபோய் வார்ட்பர்க் கோட்டையில் மறைத்து வைத்துவிட்டார்கள். அந்த ஆணை கடைசிவரை நீக்கப்படவில்லை. 1530இல் அவர் ஆக்ஸ்பர்க் வர முடியாததற்கு அதுவே காரணம். சாக்ஸனி எல்லையைத் தாண்டினால் அவருக்குப் பாதுகாப்பு கிடையாது.

நடுவில் ஸ்பையர்

1522 முதல் 1530 வரை சார்லஸ் ஜெர்மன் நாடுகளில் இல்லை. பிரான்ஸோடு போர், பாப்பரசரோடு பகை, கிழக்கே துருக்கியர். 1526இல் ஸ்பையரில் கூடிய மன்றம், ஒவ்வோர் ஆட்சியாளரும் தேவனுக்கும் பேரரசருக்கும் கணக்குக் கொடுக்கத்தக்கபடி நடந்துகொள்ளட்டும் என்று ஒருமனதாகத் தீர்மானித்தது. 1529இல் அதே ஊரில் பெரும்பான்மையினர் அதை ரத்து செய்தார்கள். அப்போது 5 ஆட்சிப் பகுதிகளின் அரசர்களும் 14 நகரங்களும் எழுத்தில் எதிர்ப்புத் தெரிவித்தனர். அவர்களின் வாதம் இரண்டு கால்களில் நின்றது. ஒருமனதாக எடுத்த முடிவைப் பெரும்பான்மையால் மாற்ற முடியாது என்பது சட்டக் கால். தேவனுடைய மகிமையையும் ஆத்தும ரட்சிப்பையும் பற்றிய காரியத்தில் ஒவ்வொருவரும் தனித்தனியே தேவன் முன் நின்று கணக்குக் கொடுக்க வேண்டும், அங்கே கை தூக்கி எண்ணுவது செல்லாது என்பது விசுவாசக் கால்.

'புராட்டஸ்டன்ட்' என்ற பெயர் இந்தப் பத்திரத்திலிருந்து வந்தது. அந்த லத்தீன் சொல்லுக்கு எதிர்ப்பது என்ற பொருளோடு, பலர் அறியச் சாட்சி சொல்வது என்ற பொருளும் உண்டு. பத்திரத்தைச் சார்லஸிடம் கொடுக்க இத்தாலிக்குப் போன மூன்று தூதர்களும் அங்கே காவலில் வைக்கப்பட்டார்கள்.

ஆக்ஸ்பர்க்: பத்திரம் உருவான விதம்

1530 ஜனவரி 21இல் சார்லஸ் அனுப்பிய அழைப்பின் தொனி மென்மையானது: ஒவ்வொருவரின் கருத்தையும் அன்போடு கேட்போம் என்றது. வியன்னா முற்றுகை நடந்து சில மாதங்களே ஆகியிருந்தன. துருக்கியரை எதிர்க்க அவருக்கு எல்லாருடைய பணமும் படையும் தேவை. பிரெடரிக்கின் தம்பி, சாக்ஸனித் தேர்வாளர் யோஹான், அழைப்பில் இருந்த சொல்லை அப்படியே எடுத்துக்கொண்டார். கருத்தைக் கேட்கிறேன் என்கிறீர்கள், எழுதிக் கொண்டுவருகிறோம்.

முதலில் திட்டம் சிறியது. சாக்ஸனியில் என்னென்ன வழக்கங்களை மாற்றினோம், ஏன் மாற்றினோம் என்று மட்டும் விளக்கினால் போதும் என்று நினைத்தார்கள். ஆக்ஸ்பர்க் வந்து சேர்ந்தபோது நிலைமை மாறியிருந்தது. இங்கோல்ஸ்டாட் எக், சீர்திருத்தவாதிகளின் நூல்களிலிருந்து 404 கூற்றுகளைத் திரட்டி, எல்லாம் பழைய கள்ளப்போதகங்கள் என்று அச்சிட்டிருந்தார். லூத்தரையும் அவரோடு ஒத்துப்போகாதவர்களையும் ஒரே குவியலில் போட்டிருந்தார். வோர்ம்ஸில் கட்டிய அதே மூட்டை! ஆகவே வரைவை எழுதிவந்த விட்டன்பர்க் பேராசிரியர் பிலிப் மெலாங்க்தன் அதை விரிவாக்கினார். வழக்கங்களோடு முழு விசுவாசத்தையும் சேர்த்தார். லூத்தர் தரப்பின் போதனையைச் சுருக்கி முந்தைய ஆண்டு தயாரான 17 ஷ்வாபாக் கட்டுரைகள் (கட்டுரை என்பது இங்கே பத்திரத்தின் ஒரு பிரிவு) கையில் இருந்ததால் வெறும் தாளிலிருந்து தொடங்க வேண்டியிருக்கவில்லை.

வரைவு கோபர்க் கோட்டையில் தங்கியிருந்த லூத்தருக்குத் தூதர் மூலம் போனது. மே 15இல் அவர் எழுதிய பதில், தனக்குப் பிடித்திருக்கிறது, தன்னால் இவ்வளவு மெதுவாகக் காலடி வைக்க முடியாது என்றது. அதில் பாராட்டும் இருக்கிறது, லேசான கவலையும் இருக்கிறது.

ஜூன் 15 மாலை சார்லஸ் ஊருக்குள் வந்தார். மறுநாள் நற்கருணைப் பெருவிழா. பவனியில் எல்லா அரசர்களும் கலந்துகொள்ள வேண்டும், சீர்திருத்தப் பிரசங்கங்கள் நிற்க வேண்டும் என்று கட்டளை. பிராண்டன்பர்க்-ஆன்ஸ்பாக் பிரபு ஜார்ஜ், என் தேவனை மறுதலிப்பதைவிட இங்கேயே மண்டியிட்டுத் தலையை வெட்டக் கொடுப்பேன் என்றார். ஜெர்மன் சரியாகப் பேச வராத சார்லஸ் பதறிப்போய், தலை வேண்டாம், தலை வேண்டாம் என்று உடைந்த மொழியில் சொன்னதாகப் பதிவு இருக்கிறது. பவனிக்கு அவர்கள் போகவில்லை. பிரசங்க விஷயத்தில் இரு தரப்பும் நிறுத்துவது, பேரரசர் நியமிப்பவர் மட்டும் வேதபாடத்தை வாசிப்பது என்று சமரசம் ஆயிற்று. எதில் வளையலாம், எதில் வளையக் கூடாது என்று அவர்கள் பிரித்துப் பார்த்த விதம் அந்த நாட்களில் தெளிவாகத் தெரிகிறது.

ஜூன் 24இல் வாசிக்க எழுந்தபோது, நேரமாகிவிட்டது, பத்திரத்தைக் கொடுத்துவிட்டுப் போங்கள் என்றார்கள். அவர்கள் கொடுக்கவில்லை. இது அற்ப விஷயமாகத் தோன்றலாம். கையில் கொடுத்த காகிதம் பெட்டிக்குள் போய்விடும், எதிரிகள் அதில் இருப்பதாகச் சொல்வதே பேச்சாகிவிடும். மன்றத்தின் காதில் விழுந்ததை மறைக்க முடியாது. மறுநாள் வாசிக்க அனுமதி கிடைத்தது. ஆனால் நகர மன்றத்தின் பெரிய மண்டபம் கிடைக்கவில்லை; ஆயர் அரண்மனையில் சுமார் 200 பேர் கொள்ளும் அறைதான். லத்தீனில் வாசிக்கச் சொன்னார் சார்லஸ். நாம் ஜெர்மன் மண்ணில் இருக்கிறோம், ஜெர்மனில் வாசிக்க அனுமதியுங்கள் என்று கேட்டுப் பெற்றார் யோஹான். அவருடைய அமைச்சர் கிறிஸ்டியன் பையர் சுமார் இரண்டு மணி நேரம் வாசித்தார். அறைக்கு வெளியே முற்றத்தில் நின்ற கூட்டத்துக்கும் கேட்கும்படி வாசித்தார்.

உள்ளே என்ன இருக்கிறது

மொத்தம் 28 கட்டுரைகள். முதல் 21 விசுவாசத்தைப் பற்றியவை, கடைசி 7 மாற்றப்பட்ட வழக்கங்களைப் பற்றியவை: நற்கருணையில் அப்பமும் இரசமும் எல்லாருக்கும், குருக்களின் திருமணம், திருப்பலி, பாவசங்கீர்த்தனம், உணவு விதிகள், துறவற வார்த்தைப்பாடுகள், ஆயர்களின் அதிகாரம். இவற்றுக்கு முன்னால் சட்ட வல்லுநர் கிரிகோர் புரூக் எழுதிய முன்னுரை ஒன்று உண்டு. வாசகர்கள் அதைத் தாண்டிப் போய்விடுகிறார்கள், போகக் கூடாது. உங்கள் அழைப்புக்குப் பதிலாகத்தான் வந்தோம், இங்கே உடன்பாடு வராவிட்டால் பொதுச் சங்கத்துக்கு முறையிடுகிறோம் என்று அது பத்திரத்தைக் கலகமாக அல்ல, கீழ்ப்படிதலாக நிறுத்துகிறது.

புதிதாக வாசிக்கிறவர்கள் 4, 7, 14, 16, 28 ஆகிய கட்டுரைகளில் தொடங்கலாம். நான்காவது இதயம்: மனிதர் தம் கிரியைகளால் அல்ல, கிறிஸ்துவின் நிமித்தம் விசுவாசத்தினால் இலவசமாக நீதிமான்களாக்கப்படுகிறார்கள். ஏழாவது, சபையின் ஒற்றுமைக்குச் சுவிசேஷத்திலும், ஞானஸ்நானம், நற்கருணை போன்ற சாக்கிரமெந்துகளிலும் உடன்பாடு போதும், மனிதர் ஏற்படுத்திய சடங்குகள் எங்கும் ஒரே மாதிரி இருக்கத் தேவையில்லை என்கிறது. பதினான்காவது ஒரே வாக்கியம்: முறையான அழைப்பு இல்லாமல் எவரும் சபையில் போதிக்கக் கூடாது. 1706இல் தரங்கம்பாடிக்கு வந்த சீகன்பால்கு முதலிய மிஷனரிகள் இந்த அறிக்கையை ஏற்ற டேனிஷ் அரசரின் அனுப்புதலில் வந்தவர்கள். 1733இல் ஆரோன் தமிழர்களில் முதல் புராட்டஸ்டன்ட் குருவாக அபிஷேகம் பெற்றதும், 1919இல் தமிழ் சுவிசேஷ லுத்தரன் திருச்சபை உருவானதும் இந்த மரபில்தான்.

பதினாறாவது கட்டுரைதான் நம் பொருளின் நடு முடிச்சு. ஆட்சி, நீதிமன்றம், சொத்து, திருமணம் எல்லாம் தேவன் தந்த நல்ல ஒழுங்குகள். கிறிஸ்தவர் அதிகாரிகளுக்குக் கீழ்ப்படிய வேண்டும். பாவம் செய்யக் கட்டளையிட்டால் மட்டும் மனிதரைவிடத் தேவனுக்கே கீழ்ப்படிய வேண்டும். இந்த வரியைப் பேரரசரின் முகத்துக்கு நேராகவே வாசித்தார்கள். இருபத்தெட்டாவது அதன் மறுபக்கம்: ஆயர்களின் அதிகாரம் வார்த்தையால் நடப்பது, வாளால் நடப்பதல்ல, இரண்டையும் கலக்கக் கூடாது.

எங்கே பிசகியது

எதிர்த்தரப்பு இறையியலாளர்கள் எழுதிய முதல் மறுப்பு நீளமாகவும் கடுமையாகவும் இருந்ததால் சார்லஸே திருப்பி அனுப்பினார். திருத்திய மறுப்பு ஆகஸ்ட் 3இல் அதே அறையில் வாசிக்கப்பட்டது. பிரதி கேட்டபோது, பதில் எழுதக் கூடாது, வெளியிடக் கூடாது என்ற நிபந்தனையோடுதான் தருவோம் என்றார்கள். எனவே வாசிக்கும்போது எடுத்த குறிப்புகளை வைத்தே மெலாங்க்தன் பதில் எழுத வேண்டியதாயிற்று. செப்டம்பர் 22இல் அதை நீட்டியபோது சார்லஸ் வாங்க மறுத்தார். 1531 ஏப்ரல் 15க்குள் இணங்க வேண்டும் என்று கெடு விதிக்கப்பட்டது.

சீர்திருத்தத் தரப்பும் ஒன்றாக நிற்கவில்லை. நற்கருணை பற்றிய பத்தாம் கட்டுரையை ஏற்காத ஸ்ட்ராஸ்பர்க், கான்ஸ்டன்ஸ், மெம்மிங்கன், லிண்டாவ் நகரங்கள் தனி அறிக்கை கொடுத்தன. சூரிக் நகரச் சீர்திருத்தவாதி ஸ்விங்லி தனியாக ஒன்று அனுப்பினார். 1540இல் மெலாங்க்தன் அதே பத்தாம் கட்டுரையின் சொற்களை மாற்றி அச்சிட்டது இன்னொரு பிசகு. பலர் கையெழுத்திட்டுப் பேரரசரிடம் கொடுத்த பத்திரத்தை எழுதியவரே ஆனாலும் தனியாகத் திருத்தலாமா? பல பத்தாண்டுகள் இந்தச் சண்டை நீடித்தது. சில லுத்தரன் சபைகள் தங்கள் விதிகளில் 'மாற்றப்படாத' ஆக்ஸ்பர்க் அறிக்கை என்று குறித்து எழுதுவது இதனால்தான்.

மிகவும் வலிப்பது வேறொன்று. மனச்சாட்சியைச் சொல்லிப் பேரரசர் முன் நின்ற இதே மனிதர்கள், பெரியவர்களான பின் மறுபடி ஞானஸ்நானம் பெற்ற எளிய மக்களின் மனச்சாட்சிக்கு இடம் கொடுக்கவில்லை. 1529 ஸ்பையர் மன்றம் அவர்களுக்கு மரண தண்டனை விதித்தபோது சீர்திருத்த அரசர்கள் தடுக்கவில்லை. அறிக்கையும் அவர்களைப் பெயர் சொல்லிக் கண்டிக்கிறது. 2010இல்தான் உலக லுத்தரன் பேரவை, அவர்களின் வழிவந்த மென்னோனைட் சபைகளிடம் மன்னிப்புக் கேட்டது. இதை மறைத்துவிட்டு இந்த வரலாற்றைச் சொல்வது நேர்மையாகாது.

கையெழுத்துகள்

அறிக்கையை வாசித்து முடிக்கும்போது அடியில் உள்ள பெயர்களையும் வாசியுங்கள். சாக்ஸனி யோஹான், ஆன்ஸ்பாக் ஜார்ஜ், லூனபர்க் எர்ன்ஸ்ட், ஹெஸ்ஸே பிலிப், ஆன்ஹால்ட் வொல்ஃப்காங், நியூரம்பர்க், ராய்ட்லிங்கன். நாட்டையும் பதவியையும் இழக்கக்கூடியவர்கள் அவர்கள்தான். அதனால்தான் அவர்கள் கையெழுத்துக்கு எடை இருந்தது. விலை கேட்கப்படவும் செய்தது. 1547 ஏப்ரல் 24இல் முயல்பர்க் போரில் சீர்திருத்த அரசர்களின் படையைச் சார்லஸ் வென்றார். வொல்ஃப்காங் விலக்குக்கு உள்ளாகி நாட்டை இழந்தார். பிலிப் 1552 வரை சிறையில் இருந்தார். யோஹானின் மகன் யோஹான் பிரெடரிக், ஆக்ஸ்பர்க்கில் தந்தையின் அருகில் இருந்தவர், போர்க்களத்தில் காயத்தோடு பிடிபட்டார். அவருக்கு மரண தண்டனை விதிக்கப்பட்டு, தேர்வாளர் பதவியும் பெரும் பகுதி நாடும் பறிக்கப்பட்ட பின் அது சிறையாகக் குறைக்கப்பட்டது. 1548இல் சார்லஸ் கொண்டுவந்த இடைக்கால மத ஏற்பாட்டை ஏற்றுக்கொள்ளச் சொல்லி அவரை நெருக்கினார்கள். சிறைக்குள்ளிருந்தே மறுத்தார். 1552இல் விடுதலையாகி, 1554 மார்ச்சில் இறந்தார். 'ஆக்ஸ்பர்க் அறிக்கையைச் சேர்ந்தவர்கள்' என்ற சொல் பேரரசின் சட்டத்தில் ஏறி, அவர்களுக்கு அமைதி கிடைத்தது 1555 செப்டம்பர் 25இல்.